மாற்றாத கிளவுஸ்

லோகம்மாளக்கா இடது கையை நீட்டி வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி போடும்போது அவள் பார்க்க மாட்டாள். முழங்கைக்கு மேலே கயிறு மாதிரி புடைத்திருக்கும் அந்த நரம்பில் விரல் வைத்தேன். உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் குத்தலாம். தெரிந்தது. ஆனால் அதிர்வது அவள் நரம்பா என் விரலா என்று ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன், தினமும் ஆறு பேருக்குப் பன்னிரண்டு ஊசி போடுகிற கை, இன்றைக்குப் பார்த்து நடுங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். முதல் ஊசி, இரண்டாவது ஊசி, பிளாஸ்திரி. ரத்தம் குழாயில் ஏறி, மெஷினைச் சுற்றி, வடிகட்டிக்குள் போய், மறுபடி அவள் கைக்குத் திரும்பியது. மணி பன்னிரண்டு நாற்பது. நான்கு மணி நேரம். நாலே முக்காலுக்குள் இந்த ஊசிகளை நானே உருவ வேண்டும், அதற்கு முன்னால், நாலு மணிக்கு, டாக்டர் நசீமா விசாரிக்க என்னைத் தனியாகக் கூப்பிடுவார். "என்னட்டி ராணி, கை ஜில்லுன்னு இருக்கு," என்றாள் அக்கா. கிளவுஸ் போட்ட கை, அதற்குள் இருக்கிற குளிர் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "ஏசிக்கா," என்றேன். ஏசி ஓடவில்லை. இரண்டு நாளாக ரிப்பேர்.

என் பெயர் ஜெபராணி. இந்த வார்டில் எல்லோருக்கும் ராணி. பன்னிரண்டு கட்டில், மதிய ஷிப்டில் இரண்டு டெக்னீஷியன், ஆளுக்கு ஆறு. இன்னொருவர் பால்துரை சார், அவர்தான் இன்சார்ஜும். நேற்று அவர் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "அந்த டாக்டரம்மா நாளைக்கு ஒவ்வொருத்தரா கேப்பாங்க. எல்லாரும் ஒண்ணுபோல சொல்லணும், கேட்டியா. ஒவ்வொரு பேஷண்டுக்கும் கிளவுஸ் மாத்துதோம். எப்பவும் மாத்துதோம். ஒரு நாளும் மாத்தாம இருந்ததில்ல. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத," என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் ரேக்கில் இருந்த பஞ்சுக் கட்டைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா? ஜூலை பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா? அன்றைக்கு அவர் வார்டில் இல்லை, கீழே ஸ்ட்ரெச்சர் தூக்கப் போயிருந்தார். தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்ததால்தான் பார்க்கவில்லையோ. இல்லை, அவருக்கு அவருடைய பயம். ஆளாளுக்கு ஒரு பயம் இருக்கும்போல. நான் என்னுடையதைத்தான் ஆறு மாதமாகச் சுமந்துகொண்டு அலைகிறேன் என்று நினைத்திருந்தேன். ஆறு மாதமா? இல்லை, ரெண்டு மாதம்தான். ஜூலையில் எனக்குப் பயமே இல்லை. ஜூலையில் எனக்குப் பெருமை.

டிசம்பரில்தான் அந்த ஆராய்ச்சிக் குழு வந்தது. நாலு பேர், வெளியூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து, ஐஸ் பெட்டியும் படிவங்களுமாக. டாக்டர் நசீமாதான் தலைமை. நாற்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுவார். நோயாளிகளை எல்லாம் வைத்துக்கொண்டு விளக்கினார். ஹெபடைடிஸ் சி என்று ஒரு வைரஸ், ரத்தம் வழியாகத்தான் பரவும், சத்தமில்லாமல் இருபது வருடம் ஈரலை அரிக்கும். ஊசியில் போதை ஏற்றிக்கொள்கிறவர்கள், ஜெயிலில் இருக்கிறவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், இவர்களிடம்தான் அது அதிகமாக இருக்கிறது. இவர்களைத் தேடிப்போய் ஒருவர் விடாமல் பரிசோதித்து மருந்து கொடுத்தால் அதை அடியோடு ஒழித்துவிடலாமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி என்றார். போதை, ஜெயில் என்றதும் லோகம்மாளக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "நம்மள எந்தக் கூட்டத்துல சேத்துட்டாங்க பாத்தியா," என்றாள். சிரித்தோம். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள், எங்களிடமும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஷிப்டில் குரூஸ் அண்ணாச்சிக்கு ஏற்கெனவே இருந்தது, அது தெரிந்ததுதான், மீன்பிடி லாஞ்சியில் வேலை பார்த்தபோது காலில் அடிபட்டு எங்கோ ரத்தம் ஏற்றியதில் வந்தது, அதனால்தான் அவருக்கு மூலையில் தனி மெஷின். புதிதாக மூன்று பேருக்கு வந்திருந்தது. மூன்று பேருக்கும் ஜூன் மாதப் பரிசோதனையில் இல்லை. இரண்டு பேர் இப்போது காலை ஷிப்டில் இருக்கிறார்கள். மூன்றாவது லோகம்மாளக்கா. அந்தத் தாளில் அவள் பெயரைப் பார்த்த நிமிஷம்தான், அதுவரைக்கும் எனக்குள் பதக்கம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த ஜூலை பதினெட்டு, அப்படியே திரும்பி அதன் பின்பக்கத்தைக் காட்டியது.

ஒன்றேகால். அக்காவுக்கு பிபி பார்த்தேன், நூற்று முப்பது, நல்லது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாதங்களில் வெடிப்பு வெடிப்பாக, உப்பு தின்ற பாதம், இருபத்திரண்டு வருடம் உப்பளத்தில் நடந்தது. வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், குடித்தால் ஒதுங்க மறைவிடம் கிடையாது, அதில்தான் கிட்னி போனது என்பாள். இங்கே வந்தபோது நாற்பத்தொரு வயது. இப்போது நாற்பத்து நாலு. அவளுக்குப் புருஷன் இல்லை, ஒரு மகள், முத்தையாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். "எனக்கு இந்தச் சீக்கு எப்படி வந்துச்சி ராணி, நான் எவன்கிட்டயும் போனதில்லையே," என்று தாள் வந்த அன்று கேட்டாள். பிறகு மருமகனும் அப்படித்தான் கேட்டானாம். மகளைப் பிள்ளையோடு ஒரு மாதம் அனுப்பவில்லையாம். "அது அப்படி வர்ற நோயில்லக்கா," என்றேன். "பெறகு எப்படி வரும்?" என்றாள். "ரத்தத்துலக்கா." "யார் ரத்தம்?" நான் மெஷினில் ஏதோ பட்டனை அழுத்தினேன். அழுத்தத் தேவையில்லாத பட்டன். யார் ரத்தம் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிட்டது, ரெண்டு மாதமாக நிற்கிறது, நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து வேலை பார்க்கிறேன், தரையில் கொட்டிக் கிடக்கிற எதையோ மிதிக்காமல் நடக்கிற மாதிரி.

ஜூலை பதினெட்டு அன்று என்ன நடந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து. குரூஸ் அண்ணாச்சிக்கு முடிந்துவிட்டது. நான் அவருடைய ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவருக்கு ரத்தம் நிற்கவில்லை, பஞ்சு நனைந்து என் விரல்களுக்கு மேலே வந்தது, கிளவுஸ் முழுக்கச் சிவப்பு. "இன்னொரு பஞ்சு எடும்மா," என்றார். எடுத்தேன். அப்போது அந்தச் சத்தம், மெஷின் கத்துகிற சத்தம், எட்டடி தூரத்தில். திரும்பினேன். லோகம்மாளக்கா கண் மேலே செருகி, வாய் கோணி, உடம்பு தூக்கிப் போடுகிறது. பிபி விழுந்துவிட்டது. கூப்பிட்டேன், பால்துரை சார், பால்துரை சார் என்று கத்தினேன், யாரும் வரவில்லை. அண்ணாச்சி, "நீ போ, நான் அழுத்திக்கிடுதேன், நீ போம்மா," என்றார். ஓடினேன். எட்டடி. நடுவில் சுவரில் கிளவுஸ் பெட்டி. கட்டிலைத் தாழ்த்தி, கால்களைத் தூக்கி, சலைனைத் திறந்துவிட்டு, பம்பைக் குறைத்து, எல்லாம் அரை நிமிஷத்தில். அவள் கை உதறியதில் ஒரு ஊசி பாதி வெளியே வந்துவிட்டது, ரத்தம் பொங்கியது, அதை உள்ளே தள்ளி, அந்த ஓட்டையின் மேலேயே விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். இந்த விரல். இதே விரல். இரண்டு நிமிஷம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "எங்கட்டி இருக்கேன்," என்றாள். அழுதுவிட்டேன். வார்டே என்னைப் பார்த்தது. பால்துரை சார் மூச்சிரைக்க வந்து, "நல்லவேள," என்றார். அந்த வாரம் அவள் தன் மகளைக் கூட்டிவந்து, "இவதான். இவ இல்லன்னா அன்னைக்கே எனக்குப் பால் ஊத்தியிருப்பிய," என்று காட்டினாள். அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கைகளை. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தேன்.

அந்த எட்டடிதான் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது. சில நாள் யோசித்தால் அந்த எட்டடியில் நான் நின்று பழைய கிளவுஸை உருவி எறிவது தெளிவாகத் தெரிகிறது, தரையில் அது விழுகிற சத்தம்கூடக் கேட்கிறது. அப்படித்தான் நடந்திருக்கும், பழக்கம் விடாது, ஒன்பது வருடப் பழக்கம், நினைக்காமலே கை செய்திருக்கும். அப்போது நெஞ்சு இறங்கி, பஸ்ஸில் தூக்கம்கூட வரும். மறுநாள் யோசித்தால் பெட்டி காலியாக இருக்கிறது. காலியாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும், வாங்கி வைக்காதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், என் தப்பில்லை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் காலிப் பெட்டிக்குள் நானே போய் ஒளிந்துகொள்ளலாம் போல. ஆனால் காலியாக இல்லை. காலியாக இல்லை என்று எனக்கு எப்படித் தெரியுமென்றால், எல்லாம் முடிந்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தபிறகுதான் அந்தப் பெட்டியிடம் போனேன், அது பழையது தீர்ந்து சற்று முன்னால்தான் மாட்டிய புதுப் பெட்டி, மேலே அட்டை கிழிக்காமல் மூடியே இருந்தது, நான்தான் கட்டைவிரலை விட்டுக் கிழித்தேன். புது அட்டையில் என் கட்டைவிரல் சிவப்பாகப் பதிந்தது. அதைப் பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த அட்டைத் துண்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அசிங்கம் என்றுதான் தோன்றியது அன்றைக்கு, வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஆக, பெட்டி திறக்கவே இல்லை. ஆக, நான் மாற்றவில்லை. எந்தப் பக்கமாகப் போனாலும் நினைப்பு கடைசியில் அந்த அட்டையில் வந்து இடித்து நிற்கிறது. அது மட்டுமா. புதிதாக ஒருவருக்குத் தொற்றினால் முதல் வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் ஏகத்துக்கும் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரங்களில் அக்கா சாதாரண மெஷினில்தான் இருந்தாள், பக்கத்து இரண்டு கட்டில்களும் என் கட்டில்கள்தான். அவற்றில் படுத்திருந்தவர்கள்தான் மற்ற இரண்டு பேர். அப்படியென்றால் ஒன்றல்ல, மூன்று. ஒரு விரலிலிருந்து மூன்று பேர். நாலாவது யாருக்காவது இன்னும் தெரியாமல் இருக்கிறதா. என் ரத்தத்தில் இல்லை என்று தாள் சொல்கிறது, வீட்டில் என் இரண்டு வயதுப் பிள்ளை என் மேலேயே படுத்துத் தூங்குகிறது, அதை நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டு, சந்தோஷப்பட்டதற்காக அடுத்த நிமிஷம் பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இரண்டேகால் ஆகிவிட்டது. வார்டில் எல்லோரும் அரைத் தூக்கத்தில். மெஷின்களின் ஒரே மாதிரியான உறுமல். குரூஸ் அண்ணாச்சி மூலையில் மொபைலைக் காதில் வைத்துக் கால்பந்து கேட்கிறார். பால்துரை சார் எதிர் வரிசையில் நடக்கிறார், திரும்பும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வை. டாக்டர் போன தடவை சொல்லிவிட்டுப் போனதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நோயாளிகளின் ரத்தத்திலிருக்கும் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாமாம், நாலு பேருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதற்குச் சொந்தம், எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமாம். அடுத்த முறை முடிவோடு வருகிறேன் என்றார். அடுத்த முறை என்பது இன்று. அப்படியானால் அந்தத் தாளில் இருக்கும். குரூஸ் அண்ணாச்சியிடமிருந்து லோகம்மாளுக்கு. நடுவில் யார் போனது? வேறு யார் போனது. என்னை உட்கார வைத்து அவர் ஒன்றும் கேட்கவே வேண்டாம், அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தால் போதும். போலீஸுக்குச் சொல்வார்களா? பேப்பரில் போடுவார்களா? எங்கள் சர்ச்சில் எல்லோரும் பேப்பர் படிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டீபனிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் சொல்லாத ஒரே விஷயம் இதுதான். அவர் துறைமுகத்தில் லாரி எடை போடுகிறவர், எது கேட்டாலும் சரி-தப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் சொல்லவில்லை. வேலை போகும். போகட்டும். போனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவேன், எந்த வார்டில் நுழைந்தாலும் கையைப் பார்ப்பார்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால்? மாத்துதோம், எப்பவும் மாத்துதோம். மூணு வார்த்தை. சொல்லிப் பார்த்தேன், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. "யாருகூடட்டி பேசுத?" லோகம்மாளக்கா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெபம்க்கா," என்றேன். "எனக்கும் சேத்துப் பண்ணு," என்று மறுபடி கண்ணை மூடினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியை விட்டதும், கிளவுஸ் சுத்தமாகத்தான் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்தது. மாற்றினேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி மாற்றினேன்.

நாலு ஐந்துக்கு டாக்டர் கூப்பிட்டார். டயட் ஆலோசனைக்கென்று இருக்கிற சின்ன அறை, சுவரில் சாப்பிடக் கூடாத பழங்களின் படம். மேசையில் ஒரு கவர், ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்தேன். "உக்காருங்க ஜெபராணி," என்றார். முழுப் பெயரை யாரும் இங்கே சொல்வதில்லை, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஏதோ கேட்டார், ஒரு நேரத்தில் எத்தனை பேரைப் பார்ப்பீர்கள் என்று. "ஆறு பேர் மேடம்." "எப்பவுமேவா?" "ஆமா மேடம்." எழுதினார். ஒரே மருந்துக் குப்பியைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். "ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போகும்போது கிளவுஸ்?" அந்த மூணு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. மாத்துதோம், எப்பவும் மாத்துதோம். அவர் பேனாவோடு காத்திருந்தார். எதற்காக என்று தெரியவில்லை, அவரிடம் ஒன்று கேட்டேன். "மேடம், அவங்களுக்கு மாத்திர குடுத்துச் சரியானப்பறம், இங்கயே மறுபடி வருமா?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வரலாம். ஒரு தடவை குணமானா அப்புறம் வராதுன்னு கிடையாது. இங்க எப்படிப் பரவுச்சுன்னு தெரியாம நாங்க மருந்து மட்டும் கொடுத்துட்டுப் போனா, ஒரு வருஷம் கழிச்சு வந்து மறுபடி இதே ஆளுங்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுக்குத்தான் உங்களையெல்லாம் தொந்தரவு பண்றேன்." நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன், நிறுத்த முடியவில்லை. பிறகு வாயைத் திறந்தேன், ஜூலை பதினெட்டு வெளியே வந்தது. கோர்வையாக வரவில்லை. முதலில் அட்டையைச் சொன்னேன், பிறகு அண்ணாச்சியின் பஞ்சு, பிறகு எட்டடி, பிறகு மறுபடி அட்டை. நடுவில் அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார், நான் எடுக்கவில்லை. "அவ்வளவுதான் மேடம். என் கைதான்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதி முடித்தார். கவரைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார். "நாலும் ரொம்ப நெருக்கமான வைரஸ்தான். இந்த அறைக்குள்ளதான் பரவியிருக்கு," என்றார். எனக்குத் தெரியும் என்றேன். "ஆனா எந்தத் தேதின்னோ, யார் கைன்னோ இது சொல்லாது ஜெபராணி. அது கிளவுஸா இருக்கலாம், பொதுவா வச்சிருக்கற மருந்துக் குப்பியா இருக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விதமா இருக்கலாம். நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்த நாளைப் பத்தி யாருக்கும் தெரிஞ்சிருக்காது." அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை. ஐயோ என்று இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம். ரெண்டு மாதம் எந்தத் தாளுக்காக நடுங்கினேனோ அந்தத் தாளில் நான் இல்லவே இல்லை. என் வாயால் நானே போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்து ஓடி, சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். "உங்க பேரை எங்கயும் எழுத மாட்டேன். ஒருத்தர் ஆறு பேரைப் பார்த்தா இதுதான் நடக்கும்னு எழுதுவேன்," என்றார். "அவங்ககிட்ட சொல்லுவீங்களா மேடம்?" "இங்கிருந்துதான் பரவுச்சுன்னு மூணு பேருக்கும் சொல்லுவோம். அது அவங்களுக்குத் தெரிஞ்சாகணும், வீட்டுல என்னென்னமோ பேசறாங்க. யார்னு சொல்ல மாட்டோம். சொல்றதுக்கு எங்களுக்கு உரிமையும் இல்ல." எழுந்தேன். கதவு வரைக்கும் போனதும், "நீங்க அன்னைக்கு ஓடலேன்னா அவங்க இல்ல, அதையும் எழுதிக்கிட்டேன்," என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை இரண்டாகக் கிழித்து நல்லதைத் தனியாக, கெட்டதைத் தனியாக வைக்க முடியுமானால் இந்த ரெண்டு மாதத்தில் நான் வைத்திருக்க மாட்டேனா.

நாலு நாற்பது. அக்காவுக்கு முடிந்துவிட்டது. கை கழுவி, புதுக் கிளவுஸ் போட்டு, ஊசிகளை உருவினேன், பஞ்சை வைத்து இரண்டு விரலால் அழுத்தினேன். பத்து நிமிஷம் அழுத்த வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருக்கும், அப்போதுதான் எப்போதும் பேசிக்கொள்வோம், மகளைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. பால்துரை சார் வார்டின் அந்தக் கடைசியில் நின்று என்னைப் பார்த்து, என்ன ஆச்சு என்று தலையை அசைத்தார். நான் திரும்பிக்கொண்டேன். "அந்த டாக்டரம்மா என்ன சொல்லுதாங்க, மாத்திர எப்பம் வருமாம்?" என்றாள் அக்கா. "திங்கக்கிழமக்கா. மூணு மாசம் சாப்பிடணும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் சரியாயிரும்." "அப்பம் எம் மருமவன்கிட்டச் சொல்லிரலாம்." "சொல்லுங்க. இங்கதான் வந்துச்சின்னு டாக்டரே எழுதித் தருவாங்க." "இங்கயா?" பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டர் குழு சொல்லட்டும் என்று இருந்திருக்கலாம், யார் என்று யாரும் சொல்லப்போவதில்லை, வியாழக்கிழமையும் அவள் எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணு என்பாள், நானும் பண்ணுவேன், வருடக்கணக்காக. அந்த வருடங்கள் முழுவதும் ஒரே நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றன, செவ்வாய், வியாழன், சனி, செவ்வாய், வியாழன், சனி, அவள் கையை நீட்டுவதும் நான் குத்துவதும். அந்த பயம் இந்த பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவ்வளவுதான். தைரியமெல்லாம் இல்லை. "எக்கா," என்றேன், "ஒங்களுக்கு மயக்கம் வந்துச்சே, ஜூலையில. நான் அன்னைக்குக் குரூஸ் அண்ணாச்சிக்கு ஊசி எடுத்துக்கிட்டு இருந்தேன். கையெல்லாம் அவுக ரத்தம். கிளவுஸ மாத்தாம அப்படியே ஓடி வந்து ஒங்க கையப் பிடிச்சிட்டேன். அதுலதான் வந்திருக்கும்க்கா. எனக்கு அப்படித்தான் தெரியுது."

அவள் என்னைப் பார்த்தாள். பஞ்சுக்கு அடியில் அவள் நரம்பு அதிர்வது என் விரலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. "கிளவுஸ மாத்த எம்புட்டு நேரமாவும்?" என்றாள். "அர நிமிஷம்க்கா." "அந்த அர நிமிஷத்துல நான் போயிருப்பனா?" எவ்வளவு தடவை இதை நானே கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆமாம்க்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியாதுக்கா," என்றேன். "தெரியாதுன்னு சொல்லுத." குரலில் ஒன்றும் இல்லை, உப்பு எத்தனை மூட்டை என்று கேட்கிற மாதிரி. "ரெண்டு மாசமா தெரியுமா ஒனக்கு?" "தெரியும்." "எம் பிள்ள ஒரு மாசம் என்னப் பாக்க வரல." "தெரியும்க்கா." அவள் வலது கையைக் கொண்டுவந்து என் விரல்களை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பஞ்சைத் தானே அழுத்திக்கொண்டாள். வேகமாகத் தள்ளவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தாள். "நானே பிடிச்சிக்கிடுதேன்." நான் நின்றேன். எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெஷினில் கழற்ற வேண்டியதைக் கழற்றினேன். குழாயைப் பையில் போட்டேன். அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பத்து நிமிஷத்துக்கும் மேலே. பிறகு எழுந்து, எடை மெஷினில் ஏறி இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கதவை நோக்கி நடந்தாள். சொல்லிவிடுவாள். கீழே போனதும் யாரிடமாவது சொல்லிவிடுவாள், மகளிடம் சொல்லுவாள், அந்தப் பெண் வந்து என் கைகளைப் பார்க்கும். அவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். திரும்பாமலே, "வியாழக்கெழம லீவு போட்டுராதட்டி," என்றாள். "வந்து எம் முன்னால நின்னு கிளவுஸ் மாத்து. நான் பாக்கணும்." கதவு ஆடி ஆடி நின்றது. வருவேன் என்று சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவள் எழுந்துபோன கட்டிலில், அவள் சூடு இன்னும் போகாத இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.